செல்ஃப் எடுக்கலைங்க

லாரி டிரைவர்கள் எங்களிடம் வந்து சொல்லும் குறை ஒரே வரிதான்: "செல்ஃப் எடுக்கலைங்க." சாவியைத் திருப்பினால் மூச்சே விடாத வண்டிக்கும் அந்த வரிதான். 'டக்' என்று ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றுபோகிற வண்டிக்கும் அதுதான். மோட்டார் வீறிட்டுச் சுற்றியும் இன்ஜின் அசையாத வண்டிக்கும் அதேதான். சிலர் கூடவே இன்னொரு வரி சேர்ப்பார்கள்: "மோட்டார் போயிருச்சுன்னு நெனைக்கறனுங்க, கழட்டிப் பாத்துருங்க." நாமக்கல்லில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்த இரண்டாவது வரியில்தான் காசு. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு மோட்டாரைக் கழற்றலாம், பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றலாம், பில் போடலாம். பல நேரம் வண்டி ஓடவும் ஓடும். ஏன் ஓடும் என்பதைப் பிறகு சொல்கிறேன், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். நாமக்கல் அப்போதே லாரி ஊர். பாடி கட்ட ஓரிடம், ஸ்பிரிங் பட்டறை வேறிடம், ரேடியேட்டர், டயர், லேத் என்று வண்டியின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிக் கடை. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டிகளும் வரும். வயர் என்று ஒன்று இருந்தால் அது எங்கள் பட்டறைக்கு. எங்கள் மேஸ்திரி புதுப் பையன்களைச் சுலபத்தில் ஸ்பேனர் தொட விடமாட்டார். பிரஷ் கரியும் கிரீஸும் அப்பிய மோட்டார் உறைகளை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும், பேட்டரிக்கு டிஸ்டில் வாட்டர் ஊற்ற வேண்டும், டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றிச் சுத்தம் பண்ண வேண்டும். வண்டி வந்து நின்றதும் அவர் டிரைவரைப் பார்த்து "ஒருக்கா அடிங்க" என்பார். செல்ஃப் அடிக்கும்போது பக்கத்தில்கூடப் போகமாட்டார், தள்ளி நின்று கேட்பார். நாங்கள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தால் திட்டு விழும்: "அங்க என்ன கண்ணு தெரியப்போகுது? காதை வெச்சுக் கேளு."

கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றும். செல்ஃப் மோட்டார் என்பது எவ்வளவு விசித்திரமான மோட்டார் என்று புரிந்த பிறகுதான் அந்தக் காதின் அருமை தெரிந்தது.

மற்ற மோட்டார்கள் மணிக்கணக்கில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. இது சில விநாடி ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. 1900களின் தொடக்கத்தில் கார் இன்ஜினை மின்சார மோட்டாரால் சுற்றலாமா என்று கணக்குப் போட்டவர்கள், அதற்கு வேண்டிய மோட்டார் இன்ஜின் அளவுக்கே பெரிதாகிவிடும் என்று கைவிட்டார்கள். அமெரிக்காவின் டேட்டன் நகரத்துச் சார்லஸ் கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் செய்தவர். கல்லாவை ஒருமுறை திறக்க மோட்டார் ஒரு விநாடி ஓடினால் போதும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தாங்க முடியாத சுமையை அதன் தலையில் ஏற்றினாலும் சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். அதே யோசனையைக் காருக்குக் கொண்டுபோனார். 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்கள் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு வந்தன.

அதுவரை ஹேண்டில்தான். செல்ஃப் வந்த பிறகும் நம் ஊர் அம்பாசடர் பம்பரில் ஹேண்டில் நுழைக்க ஓட்டை இருந்ததைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹேண்டில் அடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும், கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும். ஸ்பார்க் முந்தி விழுந்து இன்ஜின் பின்னால் உதைத்தால், கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தவனின் மணிக்கட்டு முறிந்துவிடும். பெட்ரோல் வண்டிக்குத்தான் இந்தச் சாகசமெல்லாம். பெரிய டீசல் இன்ஜினில் காற்றை 16, 17 மடங்கு நெருக்க வேண்டும், அதைக் கையால் சுற்ற யாராலும் ஆகாது. மெதுவாகச் சுற்றினாலும் பயனில்லை. நெருக்கிய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். சுற்று மந்தமானால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும், காற்றும் ரிங் வழியே கசிந்துவிடும். டீசல் வண்டிக்கு நிமிஷத்துக்கு 100 சுற்றுக்கு மேலாவது வேண்டும். 'செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகலை' என்று வரும் டீசல் வண்டிகளில் பம்பையும் நாசிலையும் கழற்றிப் பார்த்துச் சலித்த பிறகு எங்களிடம் வருகிறவை உண்டு. கேட்டால் சுற்று மந்தமாகவே இருக்கும்.

இந்த மோட்டாரின் குணத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நிலையாக நிற்கும் ஃபீல்டு காயிலும் சுற்றுகிற ஆர்மேச்சரும் ஒரே கோட்டில், ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. அதனால் ஒரே கரண்ட் இரண்டிலும் ஓடும். மோட்டார் நின்றிருக்கும்போது அதை எதிர்க்க எதுவும் இல்லை, கரண்ட் வெள்ளமாய்ப் பாயும், முறுக்கு விசையும் அப்போதுதான் உச்சம். நின்றுகிடக்கும் இன்ஜினைப் பெயர்க்க வேண்டியதும் அந்தக் கணத்தில்தானே. மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க அதுவே எதிர் மின்னழுத்தம் உண்டாக்கும், கரண்ட் தானாகக் குறையும். சின்னக் காரின் செல்ஃப் கூடச் சுற்றும்போது 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு பேட்டரி சேர்த்த 24 வோல்ட் லாரிகளில் இது பல நூறு. ஹெட்லைட் பல்பு ஒன்று இழுப்பது 5 ஆம்பியர்கூட இல்லை.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எங்கள் தொழிலில் பாதி அதற்குள் இருக்கிறது. டிரைவர் சத்தியம் பண்ணுவார்: "பேட்டரி நல்லாத்தான் இருக்குதுங்க. லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது." அவர் சொல்வது உண்மை. கேபிள் முனையில், டெர்மினல் கவ்வியில், சேஸிஸில் எர்த் இறங்கும் போல்ட்டில் எங்கோ கொஞ்சம் துரு, கொஞ்சம் பூப்பு. அதன் தடை ஒரு ஓமில் இருநூறில் ஒரு பங்கு என்று வையுங்கள். 5 ஆம்பியர் போகும்போது அங்கே இழப்பது வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு, லைட் சிணுங்கக்கூடச் செய்யாது. அதே இணைப்பில் 200 ஆம்பியர் போனால் முழுசாக ஒரு வோல்ட் காணாமல் போகும். அதுபோல் மூன்று இணைப்பு இருந்தால் மூன்று வோல்ட். 12 வோல்ட் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே எப்படியும் பத்துக்கு அருகில் இறங்கும். அதிலிருந்து மூன்றைக் கழித்தால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்?

முன்னால் சொன்ன வேடிக்கை இங்கேதான். மோட்டாரைக் கழற்றும்போது பேட்டரி கேபிளைக் கழற்றுவோம். மோட்டார் பக்கத்துக் கேபிளையும் கழற்றுவோம். திரும்ப மாட்டும்போது முனைகளைத் தேய்த்து, வாஷர் போட்டு, இறுக்கி மாட்டுவோம். மோட்டார் உறையே இன்ஜினோடு உட்காரும் இடத்தில் எர்த் ஆவதால் அந்த இடமும் சுத்தமாகும். வண்டி 'கிர்' என்று எடுக்கும். டிரைவர் புது பிரஷ்ஷைப் பாராட்டுவார். பெட்டிக்குள் போட்ட பழைய பிரஷ்ஷில் இன்னும் பாதி மிச்சமிருக்கும்.

மேஸ்திரி எர்த்தில் பிடிவாதக்காரர். பட்டறைக்கு ஒருமுறை ஒரு பழைய வேன் வந்தது. செல்ஃப் அடித்தால் ஆக்சிலரேட்டர் கேபிளிலிருந்து புகை வருகிறது என்று புகார். வேறொரு இடத்தில் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியிருந்தார்கள். இன்ஜின் உட்காருவது ரப்பர் மவுண்டிங் மேலே, ரப்பர் கரண்ட் கடத்தாது. அதற்காகவே இன்ஜினையும் சேஸிஸையும் இணைத்துப் பின்னல் பட்டை ஒன்று இருக்கும், அதைத் திரும்ப மாட்டவில்லை. அத்தனை ஆம்பியரும் திரும்பிப்போக வேறு வழியில்லாமல் ஆக்சிலரேட்டர் கேபிளின் இரும்புக் கம்பியில் போயிருக்கிறது, அதன் மேலுறை உருகியிருக்கிறது. வந்தவர் கையில் புது கேபிள் ஒன்று தயாராக இருந்தது. மாட்டியிருந்தால் அதுவும் புகைந்திருக்கும். நாங்கள் ஒரு பட்டையை மட்டும் மாட்டி அனுப்பினோம்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டுதான் பேசுகிற உறுப்பு. அதற்கு இரண்டு வேலை. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுத்து, ஃபோர்க் வழியாக பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தை ஃப்ளைவீல் ரிங் கியருக்குள் தள்ள வேண்டும். பினியன் உள்ளே போன பிறகு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் செப்புத் தகடு இரண்டு பெரிய போல்ட்டுகளைத் தொட்டு மோட்டாருக்குக் கரண்ட் விட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. மோட்டார் முதலில் சுற்றி, பினியன் பிறகு போனால் பற்கள் தெறிக்கும்.

அதனுள்ளே இரண்டு சுருள் இருப்பதைப் பல மெக்கானிக்குகளே கவனித்ததில்லை. தடித்த சுருள் தண்டை இழுப்பதற்கு, மெல்லிய சுருள் இழுத்ததைப் பிடித்துவைப்பதற்கு. தடித்த சுருளின் மறுமுனை எர்த்துக்கு நேராகப் போகாமல் மோட்டார் வழியாகப் போகும். செப்புத் தகடு போல்ட்டைத் தொட்ட அடுத்த கணம் அந்தச் சுருளின் இரண்டு முனையிலும் ஒரே பேட்டரி வோல்ட் வந்துவிடுவதால் அதில் கரண்ட் நின்றுவிடும். தனியாக எந்த ஸ்விட்சும் இல்லாமல், வேலை முடிந்ததும் தானே ஒதுங்கிக்கொள்கிற சுருள். இதை யோசித்தவர் யாரோ தெரியவில்லை, கெட்டிக்காரர். இப்போது பேட்டரி இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். தடித்த சுருள் எப்படியோ இழுத்துவிடும். தகடு தொட்டதும் மோட்டார் கரண்டை இழுக்கும், வோல்ட் சரியும், மெல்லிய சுருளுக்குப் பிடித்துவைக்கத் தெம்பு இருக்காது, தண்டு விட்டுவிடும். விட்டதும் சுமை போய் வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும், மறுபடி விடும். அதுதான் 'டகடகடக'. அந்தச் சத்தம் கேட்டால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். பேட்டரி, டெர்மினல், கேபிள், எர்த் என்ற நான்கோடு விஷயம் முடிந்தது. எப்போதாவது மெல்லிய சுருளே அறுந்து அதே சத்தம் கொடுக்கும், அது அபூர்வம்.

ஒரே ஒரு 'டக்' என்றால் கதை வேறு. தண்டு போய்ப் பிடித்துக்கொண்டது, ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் சேரவில்லை. செப்புத் தகடும் போல்ட் முகமும் கருகியிருக்கும், இல்லையென்றால் பிரஷ் தேய்ந்து ஆர்மேச்சர் முனையில் இருக்கும் கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கும். இங்கே ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்வோம். 'டக்' சத்தத்தோடு லைட் செத்துப்போனால் கரண்ட் போகப் பார்க்கிறது, பேட்டரியில் தெம்பில்லை அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. லைட் கொஞ்சமும் மங்காமல் எரிந்தால் கரண்ட் போகவே இல்லை, உள்ளே பாதை அறுந்திருக்கிறது. செலவில்லாத இந்தச் சோதனையை எந்த வண்டிக்காரரும் தானே பண்ணிப் பார்க்கலாம்.

'வ்வீங்' என்று மோட்டார் மட்டும் சுற்றினால் பெண்டிக்ஸ் போயிருக்கிறது என்போம். பெண்டிக்ஸ் உண்மையில் பழைய காலத்து வேறொரு அமைப்பின் பெயர். வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கருடையது. இன்று வண்டிகளில் இருப்பது ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் ரோலர் கிளட்ச், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கிளட்ச் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ரிங் கியர் ஒருமுறை சுற்றப் பினியன் பத்துப் பன்னிரண்டு முறை சுற்றும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகி 2000 சுற்றுக்கு எகிறினால், விலகாமல் மாட்டிக்கொண்ட பினியன் நிமிஷத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டியிருக்கும். ஆர்மேச்சர் அதைத் தாங்காது. செப்புக் கம்பிகள் பள்ளத்திலிருந்து வெளியே தெறித்து, உறைக்குள் சிக்கிக் கந்தலாகிவிடும். அப்படி வந்த ஆர்மேச்சர்களைக் குப்பையில் போடாமல் மேஸ்திரி சுவரில் தொங்கவிட்டிருந்தார். ஸ்டார்ட் ஆன பிறகும் சாவியை விடாமல் திருப்பிப் பிடிக்கிற டிரைவர்களுக்குக் காட்டுவதற்காக.

'கர்ர்ர்' என்று பல் அரைபடும் சத்தம் ரிங் கியருடையது. இதில் ஒரு ரசமான சங்கதி உண்டு. இன்ஜின் நிற்கும்போது இஷ்டப்பட்ட இடத்தில் நிற்காது, அடுத்து நெருக்க வேண்டிய சிலிண்டரின் காற்று எதிர்த்துத் தள்ளும் இடத்தில்தான் நிற்கும். ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு அப்படி மூன்று இடம், நான்கு சிலிண்டருக்கு இரண்டு. பினியன் வருஷக்கணக்காக அந்த இடங்களில் மட்டுமே மோதுவதால் அங்கே மட்டும் பற்கள் மழுங்கும், மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். விவரம் தெரிந்த டிரைவர், செல்ஃப் அரைத்தால் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு, நியூட்ரல் பண்ணி மறுபடி அடிப்பார், எடுத்துவிடும். நாங்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஃப்ளைவீலை இறக்கி, ரிங் கியரைச் சூடாக்கிக் கழற்றி, பற்களின் அமைப்பு இடம் கொடுத்தால் திருப்பிப் போட்டு, இல்லாவிட்டால் புதியதைச் சூடாக்கி இறக்குவோம். ஆறினால் கவ்விக்கொள்ளும், போல்ட் கிடையாது.

சத்தத்தில் பிடிபடாத ஒரு வியாதி சூடு. சித்திரை, வைகாசியில் நெடுந்தூரம் வந்த வண்டி டீக்கடையில் கால்மணி நேரம் நின்றிருக்கும். பிறகு செல்ஃப் எடுக்காது. இரண்டு மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் எடுக்கும். ஓடும்போது அடிக்கிற காற்று நின்றதும் இன்ஜினின் சூடெல்லாம் பக்கத்திலிருக்கும் மோட்டாரில் ஏறுகிறது. செம்பு 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். அதனால் சொலினாய்டு சுருளில் கரண்ட் குறைந்து அதன் இழுவையும் குறையும். சாவி ஸ்விட்சிலிருந்து வரும் மெல்லிய வயரிலும் பழுது இருந்தால் தண்டு அசையவே அசையாது. இப்படிப்பட்ட வண்டிக்குச் சாவி வயரில் ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குளிரில் வருவது வேறு. டிசம்பரில் வடக்கே லோடு போன டிரைவர்கள் விடிகாலையில் போன் பண்ணுவார்கள். ஆயில் கெட்டிப்பட்டுச் சுமை கூடியிருக்கும், அதே குளிரில் பேட்டரியின் தெம்பும் குறைந்திருக்கும். போனில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, பக்கத்து லாரியிலிருந்து கேபிள் போட்டு எடுக்கச் சொல்வேன்.

இதையெல்லாம் தாண்டி மோட்டாரைக் கழற்ற வேண்டிய வேளையும் வரும். அந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. ஆர்மேச்சரைக் குரோலர் என்ற சோதனைக் கருவியின் மேல் வைத்து, மேலே ஹாக்சா பிளேடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உருட்டினால், ஷார்ட்டான பள்ளத்தின் மேல் பிளேடு அதிர்ந்து ஒட்டும். கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகச் சீவி, செப்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள மைக்காவைப் பல மோட்டார்களில் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் பிரஷ் அதன்மேல் ஏறி நிற்கும். புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் ஒரு பக்கம் சாய்ந்து போல் ஷூவில் உரசிய தழும்பு தெரியும். நிறுத்தாமல் அடித்த மோட்டாரில் கம்யூட்டேட்டர் முனையில் வைத்த ஈயம் உருகி, உறையின் உள்சுவரெங்கும் சொட்டுச் சொட்டாய் ஒட்டியிருக்கும். டிரைவர் என்ன கதை சொன்னாலும் அந்த ஈயம் உண்மையைச் சொல்லிவிடும். சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961இல் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டிலேயே தயாரான மோட்டார்களும் உதிரிகளும் கிடைப்பதால், பிரஷ்ஷுக்கோ புஷ்ஷுக்கோ நாங்கள் அலைந்ததில்லை.

இப்போது வரும் பல வண்டிகளில் சாவியைத் திருப்புவதே இல்லை, பட்டன். கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப், ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக். சாவிக்குள் இருக்கும் சிப்பை கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டால்தான் ரிலேக்கு உத்தரவு போகும். சிக்னலில் நின்றால் தானே இன்ஜினை அணைத்து, கிளட்சைத் தொட்டதும் எடுக்கும் கார்கள் உண்டு, அவற்றுக்கு இன்னும் உறுதியான மோட்டாரும் பேட்டரியும். சில கார்களில் ஜெனரேட்டரே பெல்ட் வழியாக இன்ஜினைச் சுற்றிவிடுகிறது. சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆகும் ஸ்கூட்டர்களில் பினியனே கிடையாது, மேக்னெட்டோவே மோட்டாராகிறது. புதுசு என்கிறார்கள். கெட்டரிங் 1912இல் மாட்டியதும் சுற்றவும் செய்து சார்ஜும் ஏற்றிய ஒரே இயந்திரம்தான். ஸ்கேனர் வந்த பிறகு இளம் பையன்கள் முதலில் அதைத்தான் மாட்டுகிறார்கள். ரிலேக்கு உத்தரவு போனதா என்று அது சொல்லும். உத்தரவு போன பிறகு எர்த் போல்ட்டில் இரண்டு வோல்ட் தொலைவதை அது சொல்லாது. அதற்கு இன்றைக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர்தான்.

வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், அடுத்த தடவைக்கு முன் அரை நிமிஷமாவது மோட்டாரை ஆறவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரை சொலினாய்டு போல்ட்டுகளில் வைத்து ஷார்ட் பண்ணி எடுக்கிற வித்தையை யார் காட்டினாலும் கற்றுக்கொள்ளாதீர்கள். கியரில் நிற்கும் வண்டி அப்படியே முன்னால் பாயும், ஆள் நிற்பது பெரும்பாலும் டயர் பக்கத்தில். யாராவது மோட்டார் மாற்ற வேண்டும் என்றால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழிலேயே, கவ்வியில் அல்லாமல், வைக்கச் சொல்லுங்கள். மறுமுனை மோட்டார் போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். மைனஸ் குமிழுக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையிலும் அப்படியே. இரண்டும் சரியாக இருந்து, பேட்டரியும் சரியாக இருந்தால் மோட்டாரைக் கழற்றச் சொல்லுங்கள். மீட்டரை எடுக்காமலே ஸ்பேனரை எடுக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.